ஐந்து கிராம் பையும் ஐம்பது கிராம் பெட்டியும்: சீன உள்ளாடைத் தொழிலின் பசுமை பேக்கிங்

கேள்வி இதுதான்: "சீனாவிலிருந்து வரும் பிரா, ஜட்டி எல்லாம் இப்போது 'மக்கும் பை', 'கிராஃப்ட் பெட்டி' என்று வருகின்றன. இது உண்மையிலேயே சுற்றுச்சூழலுக்கு நல்லதா, இல்லை வெறும் விற்பனைப் பேச்சா? அங்கே நிஜமாகவே என்ன மாறியிருக்கிறது?"

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். மாற்றம் நடந்திருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் கண்ணுக்குப் பசுமையாகத் தெரிகிற இடத்தில், அதாவது மக்கும் என்று அச்சிட்ட பையிலும் பழுப்பு அட்டைப்பெட்டியிலும், கிடைத்த பலன் குறைவு. பையின் தடிமனைக் குறைத்தது, அளவைச் சுருக்கியது, ஒரு அடுக்கையே எடுத்துவிட்டது, மடித்தால் நசுங்காத மாதிரி பிராவையே மாற்றியது போன்ற விளம்பரத்துக்கு ஆகாத வேலைகளில்தான் பெரும்பலன். துணி ஏற்றுமதியில் பேக்கிங் பொருட்கள் வாங்கும் பக்கம் இருப்பவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தத் தொழில் எங்கே நடக்கிறது என்று தெரிந்தால் மற்றது எளிதாகப் புரியும். குவாங்டோங் மாகாணத்தின் ஷாந்தோவ் நகரத்தை ஒட்டி கூராவ், சென்தியன் என்று இரண்டு ஊர்கள் இருக்கின்றன. வீட்டுக்கு வீடு, தெருவுக்குத் தெரு உள்ளாடைதான் அங்கே பிழைப்பு. கூராவில் மட்டும் ஆண்டுக்கு 20 கோடிக்கு மேல் பிரா தயாராகிறது என்று கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு 2010-இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. ஃபோஷான் பக்கம் யான்பூ, ஃபுஜியான் மாகாணத்தில் ஷென்ஹூ, தையல் இல்லாத உள்ளாடைக்கு யீவூ, கவர்ச்சி உள்ளாடைக்கு ஜியாங்சு மாகாணத்தின் குவான்யுன் என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தனி வகை. எய்மர், காஸ்மோ லேடி போன்ற பழைய பிராண்டுகளும், நெய்வாய், யுப்ராஸ், பனானாயின் போன்ற இணையத்தில் வளர்ந்த பிராண்டுகளும் இந்த மாதிரி தொழிற்பகுதிகளை நம்பித்தான் இருக்கின்றன.

கூராவ் இருக்கும் அதே சாவ்யாங் மாவட்டத்தில்தான் குய்யூவும் இருக்கிறது. உலகத்தின் பழைய கம்ப்யூட்டர்களையும் பிளாஸ்டிக் கழிவையும் பிரித்தெடுத்த அதே குய்யூதான். இரண்டு ஊர்க் கழிவும் லியான் ஆற்றுப் படுகையில்தான் சேர்ந்தது. சாயப்பட்டறைக் கழிவால் அந்த ஆறு எந்த அளவுக்குக் கெட்டுப்போனது என்றால், 2018-இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் ஆய்வுக்குழு வந்து, உள்ளூர் அதிகாரிகள் ஆற்றங்கரையிலேயே குடியிருந்து பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனது. அடுத்த ஆண்டே சாயப்பட்டறைகளை மூடி, சுத்திகரிப்பு வசதியுள்ள தொழிற்பேட்டைக்கு நகர்த்தினார்கள். பேக்கிங்கைப் பற்றிப் பேசும்போது இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு பிராவின் சுற்றுச்சூழல் பாரத்தில் பெரும்பகுதி சாயத்திலும் துணியிலும் நுரையிலும் இருக்கிறது. பேக்கிங் அதில் சிறு பங்குதான். ஆனாலும் அது கோடிக்கணக்கில் பெருகுகிற பங்கு. பொருள் வாடிக்கையாளர் கைக்கு வந்த அடுத்த நிமிடமே குப்பைக்குப் போவதும் இதுதான்.

ஒரு சாதாரண பிராவுக்கு எத்தனை பேக்கிங் பொருள் போகிறது என்று பாருங்கள். கப் நசுங்காமல் இருக்க உள்ளே பிளாஸ்டிக்கிலோ அட்டையிலோ ஒரு தாங்கி. டிஷ்யூ பேப்பர். ஹேங்டேக் (தொங்கும் விலைச்சீட்டு), அதைக் கட்டும் நூல், சைஸ் ஸ்டிக்கர். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல். எல்லாவற்றையும் போட ஒரு பாலிபேக் (மெல்லிய பாலிதீன் பை), அல்லது ஜிப் வைத்த மங்கலான தடிமன் பை. கடைக்குப் போவதென்றால் ஒரு ஹேங்கர். இணையத்தில் விற்பதென்றால் பிராண்ட் பெயர் போட்ட பெட்டி, அதற்கு மேல் கூரியர் பை. பல பொருட்களைச் சேர்த்து அடுக்கும் பெரிய அட்டைப்பெட்டியான மாஸ்டர் கார்ட்டன் தனி. உள்ளே இருக்கிற பொருளின் எடை 60 முதல் 100 கிராம் வரைதான். சட்டை, பேன்ட்டோடு ஒப்பிட்டால் பொருளுக்கும் பேக்கிங்குக்குமான விகிதம் இங்கே மிக மோசம்.

சரி, பாலிபேக்கையே எடுத்துவிட்டால் என்ன? நல்ல கேள்விதான். அமெரிக்க உடை நிறுவனமான படகோனியா இதைச் சோதித்தே பார்த்தது. பாலிபேக் இல்லாமல் தன் கிடங்கில் உடைகளை ஓட்டிப் பார்த்தபோது சுமார் 30 சதவீதம் விற்க முடியாத அளவுக்கு அழுக்காகவோ சேதமாகவோ ஆகிவிட்டது என்று 2014-இல் வெளிப்படையாக எழுதினார்கள். ஒரு உடையைத் தயாரிக்கச் செலவான தண்ணீரும் மின்சாரமும் அந்தப் பைக்கு ஆனதைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் பையை மிச்சம் பிடித்து உடையை வீணாக்குவது நஷ்டக் கணக்கு. உள்ளாடையில் இது இன்னும் கண்டிப்பானது. வெளிர் நிறம், லேஸ், நைலான், எலாஸ்டிக் எல்லாமே அழுக்கும் ஈரமும் எளிதில் பிடிப்பவை. யாரும் தொடாதது என்ற நம்பிக்கை இல்லாமல் உள்ளாடையை வாங்கவும் மாட்டார்கள்.

இதில் இன்னொரு காரணமும் இருக்கிறது. சீனாவில் 2014 மார்ச் 15 முதல் இணையத்தில் வாங்கிய பொருளை ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். 2017-இல் வந்த விதிகள், பிரித்தால் உடல்நலத்தைப் பாதிக்கக்கூடிய பொருட்களுக்கு, வாங்குபவரின் ஒப்புதலோடு, இதிலிருந்து விலக்கு கொடுத்தன. உள்ளாடை விற்பவர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். பை பிரிக்கப்பட்டதா, சீல் ஸ்டிக்கர் உடைந்ததா என்பதே திருப்பி எடுப்பதா வேண்டாமா என்ற தகராறில் சாட்சி. ஆக, உள்பை சுத்தத்தையும் காக்கிறது, வழக்கிலும் பேசுகிறது. ஒரு மெல்லிய பேப்பர் கவரை அந்த இடத்தில் வைக்கும்போது இந்த இரண்டையும் அது செய்தாக வேண்டும்.

வெளியில் அதிகம் பேசப்படாத ஒரு தொழில்நுட்பச் சிக்கலையும் இங்கே சொல்ல வேண்டும். வெள்ளை, தோல் நிற நைலான் பிராக்கள் கோடவுனில் இருக்கும்போதே மஞ்சளாகிவிடும். பாலிதீன் பிலிமில் சேர்க்கிற பிஎச்டி (BHT) என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பான் மெதுவாக ஆவியாகித் துணியில் படியும். வண்டிப் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்ததும் மஞ்சள் நிறமாக மாறும். இதைச் சோதிக்க ஐஎஸ்ஓ 105-எக்ஸ்18 என்று ஒரு தனிச் சோதனையே இருக்கிறது. 'பிஎச்டி இல்லாத பை' என்று பையர்கள் (சரக்கு வாங்கும் நிறுவனங்கள்) எழுதிக் கேட்பது இதனால்தான். பிளாஸ்டிக்கை விட்டுவிட்டுப் பழுப்பு கிராஃப்ட் பேப்பருக்கோ மறுசுழற்சி அட்டைக்கோ போனால் பிரச்சினை தீர்ந்ததா என்றால் இல்லை. மரக்கூழில் இருக்கும் லிக்னின் சிதைந்து வெனிலின் போன்ற பீனால்கள் வரும். அவையும் இதே மஞ்சளைக் கொடுக்கும். இயற்கையாகத் தெரிகிறதே என்று கிராஃப்ட் அட்டையை வெள்ளை லேஸோடு நேரடியாக ஒட்டி வைத்த இடங்களில் சரக்கு முழுக்க மஞ்சள் படிந்து தள்ளுபடிக்குப் போகிறது. அமிலமற்ற டிஷ்யூ பேப்பரை நடுவில் வைக்க வேண்டும். அப்போது இன்னொரு அடுக்கு கூடிவிடுகிறது.

அடுத்து சட்டத்துக்கு வருவோம். பெரிய தள்ளு அங்கிருந்துதான் வந்தது. 2020 ஜனவரியில் சீனாவின் தேசிய வளர்ச்சி சீர்திருத்த ஆணையமும் சுற்றுச்சூழல் அமைச்சகமும் சேர்ந்து பிளாஸ்டிக் மாசைக் குறைக்க ஒரு ஆணை வெளியிட்டன. பெய்ஜிங், ஷாங்காய், ஜியாங்சு, ஜெஜியாங், ஃபுஜியான், குவாங்டோங் ஆகிய இடங்களின் தபால், கூரியர் மையங்களில் மக்காத பிளாஸ்டிக் பைகளை 2022 முடிவுக்குள் நிறுத்த வேண்டும்; 2025 முடிவுக்குள் நாடு முழுவதும் நிறுத்த வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. உள்ளாடை ஊர்களில் முக்கியமானவை எல்லாம் அந்த முதல் பட்டியல் மாகாணங்களில்தான் இருக்கின்றன. 2021 மார்ச்சில் தபால் துறையின் பேக்கிங் விதிகள் வந்தன. 2024 ஜூன் 1 முதல் கூரியர் பேக்கிங்கில் கன உலோகங்களுக்கும் சில ரசாயனங்களுக்கும் கட்டாய வரம்பு. 2025 ஜூன் 1 முதல் திருத்தப்பட்ட கூரியர் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பேக்கிங்குக்கென்றே தனிப் பிரிவுகள்.

இவ்வளவுக்கும் காரணம் பார்சல்களின் எண்ணிக்கை. 2021-இல் முதல்முறையாக ஆண்டுக்கு 10,000 கோடியைத் தாண்டியது. 2024-இல் 17,500 கோடி அளவுக்குப் போய்விட்டது. பெரிய நிறுவனங்கள் சின்னச் சின்னதாக வெட்டிச் சேர்த்தன. இணைய விற்பனை நிறுவனமான ஜேடி தன் பார்சல் டேப்பின் அகலத்தை 53 மில்லிமீட்டரிலிருந்து 45-ஆகக் குறைத்தது. எட்டு மில்லிமீட்டர் என்பது ஒரு பெட்டியில் ஒன்றுமில்லை, கோடிக்கணக்கான பெட்டியில் அது மலை. ஐந்து அடுக்கு அட்டைக்குப் பதில் மூன்று அடுக்கு, டேப் வேண்டாத கிழித்துத் திறக்கும் பெட்டி, பொருளின் அளவைப் பார்த்துப் பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் மென்பொருள், பேப்பர் பில்லுக்குப் பதில் எலெக்ட்ரானிக் பில் என்று அலிபாபாவின் பார்சல் நிறுவனமான சைனியாவும் மற்றவர்களும் செய்த வேலைகளை நான் மனதார மதிக்கிறேன். அலங்காரமில்லாத, கணக்குப் போட்டுச் செய்த வேலைகள்.

ஆனால் இந்த விதிகள் குறிவைத்தது கூரியர் மையங்களை. உள்ளாடை விற்பவர் தன் கடையிலேயே, தன் பையிலேயே பார்சலைக் கட்டித்தான் கூரியர் பையனிடம் கொடுக்கிறார். உள்ளே இருக்கும் பாலிபேக் அதற்கும் முன்னாலேயே, தொழிற்சாலையில் போட்டது. இந்த இரண்டையும் விதி நேரடியாகத் தொடவில்லை. வெளிப்பையில் பசுமை முத்திரை, உள்ளே அதே பழைய பை என்ற காட்சி இதனால்தான் வருகிறது.

மக்கும் பைக்கு வருகிறேன். கேள்வியில் இதைத்தான் முதலில் கேட்டிருந்தீர்கள். சீனாவில் இந்தப் பெயரில் விற்கும் பெரும்பாலான மெல்லிய பைகள் பிபிஏடி என்ற பிளாஸ்டிக்கோடு பிஎல்ஏ கலந்தவை. பிஎல்ஏ சோள மாவு மாதிரியான பொருட்களிலிருந்து வருகிறது. பிபிஏடி பெட்ரோலியத்திலிருந்து வருவதுதான். இவை மக்க, தொழில்முறை உரக்கிடங்கில் சுமார் 58 டிகிரி வெப்பமும் ஈரமும் நுண்ணுயிரும் வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் புதைத்தாலோ ஆற்றில் விழுந்தாலோ அந்த வேகத்தில் நடக்காது. அந்தப் பை உண்மையில் போய்ச்சேரும் இடம் எது? சீன நகரங்களின் குப்பையில் பெரும்பகுதி இன்று எரிக்கும் ஆலைகளுக்குத்தான் போகிறது. எரிகிற பை மக்குகிற பையா மக்காத பையா என்பதில் என்ன வித்தியாசம்? 2020 ஆணை வந்ததும் புதுப்புது ஆலைகளை அறிவித்தார்கள். 36 நிறுவனங்கள் சேர்ந்து 44 லட்சம் டன் புதிய உற்பத்தித் திறனுக்குத் திட்டம் போட்டன அல்லது கட்டின என்று கிரீன்பீஸ் அந்த ஆண்டு இறுதியில் கணக்குக் காட்டி எச்சரித்தது. அந்தப் பைகளை மக்க வைக்கும் வசதி அதே வேகத்தில் வளரவில்லை.

உள்ளாடைக்கு இந்தப் பை இன்னொரு வகையிலும் பொருந்தாது. ஈரத்தை அது அவ்வளவாகத் தடுக்காது. நாளாக ஆக, அதுவும் தெற்குச் சீனாவின் மழைக்காலப் புழுக்கத்தில், பையே பலமிழந்து ஓரத்தில் கிழிய ஆரம்பிக்கும். உள்ளாடை வேகமாக விற்றுத் தீரும் பொருள் அல்ல. சைஸுக்கு சைஸ் ஸ்டாக் வைக்க வேண்டியிருப்பதால் சில சைஸ்கள் ஒரு வருடத்துக்கு மேலேயே கிடக்கும். அதற்குள் பையை மாற்றி மறுபடி பேக் செய்தால் இரண்டு பை செலவு. விலையும் சாதாரண பாலிபேக்கைவிட இரண்டு மூன்று மடங்கு. சீனாவிலேயே 2022 ஜூன் முதல் மக்கும் பிளாஸ்டிக்குக்குத் தனித் தரநிலையும் அடையாளக் குறியும் நடைமுறையில் இருக்கின்றன. அந்தக் குறி இல்லாமல் வெறும் பச்சை இலை படம் மட்டும் போட்ட பையை நம்பாதீர்கள். ரசாயனம் கலந்து துண்டு துண்டாக உதிரும்படி செய்த 'ஆக்ஸோ' வகையை ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையிலேயே தடை செய்துவிட்டது. அது நுண்பிளாஸ்டிக்காக உடைகிறதே தவிர மண்ணாகிறதில்லை.

கிராஃப்ட் பெட்டி எப்படி? இதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 25-க்கு 30 சென்டிமீட்டர் பாலிபேக், 40 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் என்றால் எடை ஐந்தரை கிராம் வரும். அதையே 30 மைக்ரானுக்குக் குறைத்தால் நாலு கிராம் சொச்சம். அதே அளவில் 120 மைக்ரான் ஜிப் பை என்றால் 16 கிராமுக்கு மேல். இப்போது 20-க்கு 15-க்கு 6 சென்டிமீட்டர் பெட்டி ஒன்றை 350 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 350 கிராம்) அட்டையில் செய்யுங்கள். மடிப்பு, மூடியெல்லாம் சேர்த்து 50 கிராமுக்குப் பக்கத்தில் வரும். ஐந்து கிராம் பிளாஸ்டிக்குக்குப் பதில் ஐம்பது கிராம் பேப்பர். அந்த ஐம்பது கிராமுக்கு மரம், தண்ணீர், காய வைக்கும் வெப்பம் எல்லாம் வேண்டும். அதோடு தட்டையாகப் போக வேண்டிய பிரா ஆறு சென்டிமீட்டர் உயரப் பெட்டியில் காற்றையும் சேர்த்துச் சுமந்துகொண்டு போகிறது. லாரியில் ஏறும் எண்ணிக்கை குறைகிறது. அந்தப் பெட்டிக்கு மேலே பளபளப்புக்கு பிளாஸ்டிக் பிலிம் ஒட்டி, தங்க நிற ஃபாயில் அச்சும் போட்டு, உள்ளே தெரிய ஒரு பெட் (PET) பிளாஸ்டிக் ஜன்னலும் வைத்துவிட்டால் மறுசுழற்சி ஆலையில் அதைக் கூழாக்குவதும் கஷ்டம்.

பேப்பர் வேண்டாம் என்று சொல்லவரவில்லை. எந்த அடுக்குக்குப் பதிலாகப் பேப்பர் வருகிறது என்று பார்க்க வேண்டும். கப் தாங்கிக்கு அது அருமையான தீர்வு. வார்த்தெடுத்த பிளாஸ்டிக் தாங்கிக்குப் பதில் கரும்புச் சக்கையில் அல்லது மூங்கில் கூழில் வார்த்த தாங்கி நன்றாக வேலை செய்கிறது. கரும்புக்கு சீனாவில் குவாங்சிதான் தலைநகரம் மாதிரி. உள்ளாடை ஊர்கள் இருக்கும் குவாங்டோங்குக்குப் பக்கத்துப் பகுதி. மூங்கிலுக்கு சிச்சுவானின் யிபின் பக்கம். ஷென்ஜென்னைச் சேர்ந்த யூடோ போன்ற பெரிய பேக்கிங் நிறுவனங்கள் அங்கே ஆலை வைத்திருக்கின்றன. பிளாஸ்டிக்குக்குப் பதில் மூங்கில் என்ற திட்டத்தைச் சீன அரசு 2022 நவம்பரில் சர்வதேச மூங்கில் பிரம்பு அமைப்போடு சேர்ந்து அறிவித்து, 2023-இல் மூன்றாண்டுச் செயல்திட்டமாகவும் கொண்டுவந்தது. கிடைக்கும் கழிவில் செய்த பொருள், பக்கத்திலேயே மூலப்பொருள், நீக்குவதோ தடிமனான பிளாஸ்டிக். இப்படிப்பட்ட மாற்றத்துக்குத்தான் என் ஓட்டு.

பேக்கிங் மிகவும் பெருத்துப்போகும் இடம் பரிசுப்பெட்டி. சீனாவில் ஒருவர் பிறந்த ராசி விலங்கின் ஆண்டு பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும்போது அது அவருக்குக் கெட்ட ஆண்டு என்று நம்புகிறார்கள். காப்புக்குச் சிவப்பு உள்ளாடையும் சிவப்பு சாக்ஸும் அணிவது வழக்கம். பெரும்பாலும் அம்மாவோ அக்காவோ மனைவியோ வாங்கிக் கொடுப்பது. அதனால் வசந்தத் திருவிழாவுக்கு (சீனப் புத்தாண்டுக்கு) முன்னால் எல்லா உள்ளாடை பிராண்டும் சிவப்புப் பெட்டி போடும். காந்தம் வைத்த கெட்டி மூடி, உள்ளே நுரை அல்லது சாட்டின் விரிப்பு, தங்க எழுத்து, மேலே ஒரு துணிப்பை. அன்போடு கொடுக்கிற பொருள், அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அதிகப்படி பேக்கிங்கைத் தடுக்கும் சீனாவின் கட்டாயத் தரநிலை 2023 செப்டம்பரிலிருந்து உணவுக்கும் அழகுசாதனப் பொருளுக்கும்தான் பொருந்துகிறது. எத்தனை அடுக்கு, எவ்வளவு காலியிடம் என்ற கட்டாய வரம்பு இந்தச் சிவப்புப் பெட்டிக்கு இல்லை. மற்ற பொருட்களுக்கு இருப்பது பரிந்துரை மட்டுமே. உள்ளாடையையும் அந்தப் பட்டியலில் சேர்த்தால் ஒரே பருவத்தில் நல்ல வித்தியாசம் தெரியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

குவான்யுன் கதை இதற்கு நேரெதிர். வடக்கு ஜியாங்சுவில் ஏழை வட்டமாக இருந்த ஊர், இணைய வியாபாரத்தால் கவர்ச்சி உள்ளாடைக்குப் பேர்போனது. நாட்டின் இந்த வகை விற்பனையில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் என்று சீனப் பத்திரிகைகள் எழுதுகின்றன. இங்கே பொருள் மிக லேசு, விலை குறைவு. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரருக்கோ அலுவலக வரவேற்பறைக்கோ தெரியக்கூடாது. அதனால் கறுப்பு அல்லது சாம்பல் நிற ஒளிபுகாப் பை, சில சமயம் இரண்டு அடுக்கு. பல வகைப் பழைய பிளாஸ்டிக்கை உருக்கிக் கலந்தால் எந்த நிறமும் சேராது. கறுப்பு போட்டு மறைப்பதுதான் எளிய வழி. ஆகவே மலிவான கறுப்புப் பைகளில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல முடியாமல் இருந்தது, வாடையும் அடிக்கும். 2024-இல் வந்த கன உலோக வரம்பு குறிப்பாகத் தேவைப்பட்டது இந்த மாதிரி பைக்குத்தான். மறுசுழற்சிப் பிளாஸ்டிக் நல்லது, ஆனால் எங்கிருந்து வந்தது என்று தெரிந்த பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும்.

அந்த மறுசுழற்சிப் பிளாஸ்டிக் எங்கிருந்து வருகிறது என்பதும் தனிக்கதை. 1992 முதல் உலகத்தில் நாடு விட்டு நாடு போன பிளாஸ்டிக் கழிவில் ஏறத்தாழ 45 சதவீதத்தைச் சீனா வாங்கியது. 2018-இல் அந்தக் கதவைச் சாத்தியது. 2021 ஜனவரியிலிருந்து எந்தத் திடக்கழிவும் இறக்குமதி இல்லை. வெளிநாட்டுப் பழைய பேப்பரை நம்பி வளர்ந்த டோங்குவானின் நைன் டிராகன்ஸ் போன்ற அட்டை ஆலைகளும் உள்நாட்டுப் பழைய பேப்பரைத் தேட வேண்டியதாயிற்று. பிளாஸ்டிக்கிலும் அதே நிலை. சுத்தமான பழைய பிலிமுக்குப் போட்டி. உள்ளாடைப் பைக்கு அது இன்னும் கஷ்டம்: கோடவுனில் பைக்கு வெளியிலிருந்தே பார்கோடைப் படிக்க வேண்டும் என்பதால் பை தெளிவாக இருக்க வேண்டும், துணியில் ஒட்டும் வாடை இருக்கக்கூடாது. முழுக்க மறுசுழற்சி என்றால் பிலிம் கொஞ்சம் சாம்பல் ஓடும், புள்ளி புள்ளியாகத் தெரியும். பார்கோடை மட்டும் பையின் வெளிப்புறத்தில் ஒட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை போய்விடும். இவ்வளவு எளிய விஷயத்துக்கும் பையர், கோடவுன், தொழிற்சாலை மூன்று தரப்பும் ஒரே மேஜையில் உட்கார வேண்டியிருக்கிறது.

எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த மாற்றம் பேக்கிங் பிரிவில் நடக்கவே இல்லை, டிசைன் பிரிவில் நடந்தது. கம்பி வைத்த, அழுத்தி வார்த்த தடிமன் கப் பிராவை மடிக்க முடியாது. ஒரு கப்பை இன்னொன்றுக்குள் கவிழ்த்து வைத்தால் குழி விழும். அப்படியே வைத்தால் இடம் அடைக்கும். தாங்கி, டிஷ்யூ, உயரமான பெட்டி எல்லாம் அந்தக் கப்பைக் காப்பாற்ற வந்தவைதான். 2016-க்குப் பிறகு சீனாவில் கம்பியில்லாத மென்மையான பிராக்கள் பெரிய அலையாக வந்தன. யுப்ராஸ் 'சைஸ் இல்லாத' பிராவை வைத்தே வளர்ந்தது. மெல்லிய, நீளும் துணி, சுருட்டலாம், மடிக்கலாம். தாங்கி தேவையில்லை, பெட்டி தேவையில்லை, தட்டையான சின்னப் பை போதும். சைஸ்கள் குறைந்ததால் விற்காமல் கிடக்கும் ஸ்டாக்கும் திரும்பி வரும் பார்சலும் குறைய வாய்ப்பு. தைத்த லேபிளுக்குப் பதில் துணியிலேயே அச்சிடும் முறையைப் பனானாயின் பிரபலப்படுத்தியது. இவர்கள் யாரும் இதைப் பேக்கிங்குக்காகச் செய்யவில்லை, உடலுக்குச் சௌகரியம் என்றுதான் விற்றார்கள். ஆனால் பேக்கிங்கில் கிடைத்த மிச்சம் எந்த மக்கும் பையாலும் கிடைக்காத மிச்சம்.

ஏற்றுமதியில் இன்னொரு அழுத்தம் இருக்கிறது, இது பணத்தால் பேசுகிற அழுத்தம். ஜெர்மனியில் பேக்கிங் கழிவுக்கு விற்பவரே கட்டணம் கட்ட வேண்டும். 2022 ஜூலை 1 முதல், பதிவு எண் இல்லாத விற்பனையாளரை இணையச் சந்தைகள் அனுமதிக்கக் கூடாது என்று ஆனதும், ஷாந்தோவின் சின்ன வியாபாரிகூட அந்தப் பதிவைத் தேடி ஓடினார். பிரிட்டனில் 2022 ஏப்ரல் முதல், 30 சதவீதத்துக்குக் குறைவாக மறுசுழற்சிப் பிளாஸ்டிக் உள்ள பேக்கிங்குக்கு டன்னுக்கு 200 பவுண்டு வரி ஆரம்பித்தது. நான் மேலே சொன்ன ஐந்தரை கிராம் பையில் ஆயிரத்துக்கு ஒரு பவுண்டு சொச்சம்தான் வரும். தொகை சிறியது, ஆனால் கணக்கு எழுத வேண்டுமே, அதுதான் பழக்கத்தை மாற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பேக்கிங் ஒழுங்குமுறை 2025 பிப்ரவரியில் சட்டமானது, 2026 ஆகஸ்ட் 12 முதல் பொருந்தும். 2030-இலிருந்து இணைய வியாபாரப் பார்சலில் காலியிடம் 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. காற்றுப்பை, பேப்பர் துருவல் வைத்து நிரப்பினால் அதுவும் காலியிடமாகத்தான் கணக்கு. உணவு மாதிரியான பொருட்களைத் தொடாத சாதாரண பிளாஸ்டிக் பேக்கிங்கில் 2030-க்குள் 35 சதவீதம் மறுசுழற்சிப் பொருள் வேண்டும். மேலே சொன்ன உயரமான கிராஃப்ட் பெட்டி இந்த விதிகளில் அடிபடும். சின்னதாக வெட்டிய, ஒரே வகைப் பிளாஸ்டிக்கால் ஆன பாலிபேக் தப்பிக்கும். கண்ணால் பார்க்கும்போது நேர்மாறாகத் தோன்றியிருக்கும்.

சீனத் தொழிற்சாலையில் உள்ளாடைக்கு ஆர்டர் கொடுக்கிறவராக நீங்கள் இருந்தால் என்ன கேட்பது? எந்தப் பொருளால் செய்த பை என்பதற்கு முன்னால் எத்தனை மைக்ரான், எத்தனை கிராம் என்று கேளுங்கள். மடித்த பிராவின் அளவுக்குப் பை வெட்டியிருக்கிறார்களா, இல்லை எல்லா சைஸுக்கும் ஒரே பெரிய பையா என்று பாருங்கள். ஜட்டி மூன்று சேர்த்து விற்பதென்றால் மூன்றுக்கும் ஒரே பை போதும். ஜிப் பை வேண்டாம். ஒட்டும் மடிப்பு வைத்த சாதாரணப் பை போதும், சீலுக்கு ஒரு சின்ன பேப்பர் ஸ்டிக்கர். மறுசுழற்சி என்று சொன்னால் ஜிஆர்எஸ் (மறுசுழற்சிப் பொருளுக்கான சர்வதேசத் தரநிலை) சான்றிதழ் மட்டும் போதாது, உங்கள் சரக்குக்கான பரிவர்த்தனைச் சான்றிதழையும் வாங்குங்கள். முதலாவது ஆலைக்குக் கொடுத்தது, இரண்டாவதுதான் உங்கள் பைக்கு. பிஎச்டி இல்லை என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, வெளிர் நிறங்களில் மஞ்சளாகும் சோதனையைப் பையோடும் அட்டையோடும் சேர்த்தே செய்யச் சொல்லுங்கள். பெட்டி வேண்டும் என்றால் பிலிம் ஒட்டாமல், நீர் சார்ந்த பூச்சோடு, ஜன்னல் இல்லாமல் கேளுங்கள்.

வாங்கி அணிகிறவராக இருந்தால், மக்கும் பை என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டிய அவசியமில்லை. சுத்தமான பாலிபேக்கைத் தனியாகச் சேர்த்துப் பழைய பிளாஸ்டிக் எடுப்பவரிடம் கொடுங்கள், ஸ்டிக்கரை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு. மங்கலான ஜிப் பைகள் பாலிதீனாகவும் இருக்கும், வேறு பிளாஸ்டிக்காகவும் இருக்கும். மூலையில் முக்கோணக் குறிக்குள் 4 என்று இருந்தால் சாதாரண பாலிபேக்கோடு சேர்க்கலாம். 7 என்றோ எந்த எண்ணும் இல்லாமலோ இருந்தால் அதோடு கலக்காமல் பயண நேரத்தில் உள்ளாடை வைக்க வீட்டிலேயே பயன்படுத்துங்கள், நன்றாகவே உழைக்கும்.

பேக்கிங்கின் கிராம் எடையைக் கேட்டால் சொல்லத் தெரியாத சப்ளையர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஜெர்மனியின் கட்டணம் எடைக் கணக்கில்தான் வசூலாகிறது. 2026 ஆகஸ்டிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் பேக்கிங்குக்கு இணக்க அறிக்கையும் தொழில்நுட்பக் கோப்பும் தயாராக இருக்க வேண்டும். ஆர்டர் ஷீட்டில் பைக்கென்று ஒரு வரி சேர்த்து, மைக்ரான், கிராம், மறுசுழற்சி சதவீதம் மூன்றையும் இந்த சீசனிலிருந்தே எழுத ஆரம்பியுங்கள்.